ஈறில் இரத்தமும் உளூவும்: மாதவிடாய் நின்ற தாய்மார்களின் பல் நலம்

கடந்த ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ஓர் இளைஞர் தயங்கியபடி என் அருகே வந்து உட்கார்ந்தார்.

"ஹஜ்ரத், உம்மா ஒரு மஸ்அலா கேட்டு வரச் சொன்னாங்க. பல் விளக்கினா இரத்தம் வருதாம். உளூ செஞ்சு முடிச்ச பிறகும் எச்சில்ல சிவப்பாத் தெரியுதாம். திரும்பத் திரும்ப உளூ செய்றாங்க. நேத்து அஸருக்கு மட்டும் நாலு தடவை செஞ்சாங்க. அந்த உளூ கூடுமா, கூடாதா?"

மஸ்அலாவைச் சொன்னேன். ஹனஃபி மத்ஹபில் வாயிலிருந்து வரும் இரத்தம் எச்சிலைவிட அதிகமாகவோ அதற்குச் சமமாகவோ இருந்தால் உளூ முறியும். துப்பிப் பார்த்து எச்சில் சிவந்திருந்தால் இரத்தம் மிகைத்தது என்று பொருள். லேசான மஞ்சள் நிறமாக இருந்தால் எச்சில்தான் மிகைத்தது, உளூ முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் இந்த இரத்தத்தால் உளூ முறிவதில்லை. ஆனால் இரத்தம் நஜீஸ் என்பதால் விழுங்காமல் துப்பி வாயைக் கழுவிக்கொள்ள வேண்டும்.

அவர் எழுந்திருக்கப் போனார். நான் விடவில்லை. "உம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"அம்பத்திரண்டு ஹஜ்ரத்."

"எத்தனை நாளா இரத்தம் வருது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போறது? வயசானா அப்படித்தான்னு உம்மாவே சொல்லிட்டாங்க."

இந்தக் கடைசி வரிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. இரண்டு வருடங்களாக ஒரு தாயின் வாயில் இரத்தம் வருகிறது. உளூ கூடுமா என்று அவருக்குக் கவலை இருக்கிறது. இரத்தம் ஏன் வருகிறது என்ற கவலை அவருக்கும் இல்லை, வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இல்லை.

நான் மருத்துவன் அல்லன். எங்கள் உறவில் பல் மருத்துவராக இருக்கும் ஒரு சகோதரியிடம் பல நாட்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும், மார்க்கம் தொடர்பாக நான் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்ணை ஃபிக்ஹு நூல்கள் 'ஆயிஸா' என்று குறிப்பிடுகின்றன. அப்பெண்களின் இத்தா மூன்று மாதங்கள் என்பது அத்தலாக் அத்தியாயத்தின் நான்காம் வசனத்திலேயே வருகிறது. ஆகவே இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசுவது வெட்கத்துக்குரியது என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. மருத்துவத்தில், தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் நாற்பதுகளின் பிற்பகுதியில் இது நிகழ்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்தவர்களுக்கு அதற்கும் முன்பே வந்துவிடும். நம் சமுதாயத்தில் நாற்பது வயதுக்குள் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் குறைவல்ல. அவர்கள் தங்களை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

திடீரென்று உடல் சூடாகி வியர்ப்பது, தூக்கம் கெடுவது, மூட்டு வலி, எரிச்சல், கோபம் இவையெல்லாம் இந்தப் பருவத்தில் வரும் என்று பெண்களுக்குத் தெரியும். வாயும் மாறும் என்பது தெரியாது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கர்ப்பப்பைக்கு மட்டும் உரியது என்று நாம் நினைக்கிறோம். ஈறின் மேல்தோல், உமிழ்நீர்ச் சுரப்பிகள், பல்லைத் தாங்கும் தாடை எலும்பு ஆகியவையும் அந்த ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டவைதான். அது குறையும்போது ஈறு மெலிகிறது, எளிதில் காயப்படுகிறது. உமிழ்நீர் குறையலாம், அல்லது அதன் தன்மை மாறலாம். எலும்பின் அடர்த்தி குறைகிறது. சிலருக்கு ஈறு வெளிறி, அல்லது செக்கச் சிவந்து, பளபளவென்று தெரியும். தொட்டாலே இரத்தம் வரும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹார்மோன் மட்டும் பல்லைக் கொட்ட வைப்பதில்லை. பல்லின் அடியில் படியும் அழுக்குப் படலம்தான் முதல் காரணம். அதில் கோடிக்கணக்கான கிருமிகள் வாழ்கின்றன. விளக்காமல் விட்ட இடத்தில் அது நாளடைவில் கெட்டிப்பட்டுக் காரையாகிறது. அந்தக் காரை ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, ஈறு பல்லைவிட்டு விலகிப் பை போலாகிறது. உள்ளே எலும்பு கரைகிறது. ஆரோக்கியமான ஈறில் இந்தப் பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். பல் மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரம் நுழைத்துப் பார்ப்பது இந்த ஆழத்தை அளக்கத்தான். இளவயதில் இதே அழுக்கை உடல் ஓரளவு சமாளித்தது. ஈறு மெலிந்து, எலும்பும் தளர்ந்த பிறகு அதே அழுக்கு இரண்டு மடங்கு சேதம் செய்கிறது. "முப்பது வருஷமா இப்படித்தானே விளக்குறேன், அப்ப வராத இரத்தம் இப்ப ஏன் வருது?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதுதான் பதில்.

இந்த நோயின் ஆபத்து, அது வலிக்காது என்பதுதான். பல் சொத்தை வலிக்கும், வலித்தால் ஓடுவோம். ஈறு நோய் பல் ஆடும்வரை வலிக்காமலே இருக்கலாம். விளக்கும்போது இரத்தம், காலையில் எழுந்தால் வாயில் உப்புக் கரிப்பது போன்ற சுவை, போகாத துர்நாற்றம், பல் நீண்டு தெரிவது, முன்பு இல்லாத இடைவெளியில் இறைச்சி நார் சிக்குவது ஆகியவை அது அனுப்பும் தகவல்கள். இவற்றில் எதுவுமே முதுமையின் இயல்பு அல்ல. எழுபது வயதில் முழுப் பல்லோடு முறுக்கு கடிக்கும் பெண்களும் நம் தெருக்களில் இருக்கிறார்கள்தானே?

சர்க்கரை நோய் இருந்தால் கதை இன்னும் மோசம். சர்க்கரை கூடினால் ஈறு நோய் கூடும். ஈறு நோய் கூடினால் சர்க்கரை கட்டுப்படாது. மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் சர்க்கரை இறங்காத ஒருவருக்கு வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவச் சகோதரி சொன்னார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்வதும் உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

இனி விளக்கும் முறை. "ஹஜ்ரத், நாங்க மிஸ்வாக் செய்றோம், ஒரு நாளைக்கு அஞ்சு வேளை வாய் கொப்பளிக்கிறோம், எங்களுக்கு எப்படி ஈறு நோய் வரும்?" என்று பலர் கேட்கிறார்கள். இங்கே நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். தொழுகைதோறும் மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதும், தம் கடைசி நேரத்தில்கூட மிஸ்வாக் செய்தார்கள் என்பதும் நாம் அறிந்தவை. வாயைச் சுத்தமாக வைத்திருப்பது அந்த சுன்னத்தின் நோக்கம். குச்சியைப் பையில் வைத்திருந்து, உளூவுக்கு முன் முன்பற்களில் இரண்டு இழுப்பு இழுப்பதோடு அந்த நோக்கம் நிறைவேறிவிடாது. வாய் கொப்பளிப்பது உணவுத் துணுக்கை வெளியேற்றும், உலர்ந்த வாய்க்கு இதம் தரும். ஆனால் பல்லில் பசை போல ஒட்டியிருக்கும் படலத்தை அது அகற்றாது. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மிஸ்வாக் குச்சி உகா மரத்தின் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் எடுக்கப்படுவது. கிருமிகளை அடக்கும் பொருட்கள் அதில் இயற்கையாகவே உள்ளன. குச்சியைத் தண்ணீரில் ஊற வைத்து, நுனியை மென்று, நார் மெத்தென்று பிரிந்த பிறகு பயன்படுத்துங்கள். ஈறிலிருந்து பல்லை நோக்கி மெல்லத் தேயுங்கள். காய்ந்த குச்சியைக் குறுக்குவாட்டில் அறம் போல இழுத்தால் மெலிந்த ஈறு இன்னும் மேலே ஏறிவிடும், வேர் வெளியே தெரியும். தேய்ந்த நுனியை ஓரிரு நாளுக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்குக் குச்சி சரியாக எட்டாது. ஆகவே காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷும் ஃபுளோரைடு உள்ள பற்பசையும் அவசியம். இடையில் வரும் தொழுகைகளுக்கு மிஸ்வாக். இதில் சுன்னத்துக்கு எந்தக் குறைவும் வராது.

ஃபுளோரைடு ஏன் என்று கேட்டால், ஈறு இறங்கியதும் வெளியே வரும் வேர்ப்பகுதிக்கு எனாமல் என்ற கவசம் கிடையாது. எனாமலைவிட மிகக் குறைந்த புளிப்பிலேயே அது கரையத் தொடங்கிவிடும். ஐம்பது வயதுக்கு மேல் பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பழுப்பாகச் சொத்தை விழுவது இதனால்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் அங்கே பல்லில் மஞ்சள் கறை விழுவது தெரிந்ததே. அது குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது குடித்த நீரால் வருவது; பெரியவர்கள் பற்பசையைத் தேய்த்துத் துப்புவதால் வராது. விளக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும். உடனே தண்ணீர் விட்டு முழுதாகக் கழுவினால் ஃபுளோரைடும் போய்விடும். உளூவுக்கு முன் விளக்குகிறவர்களுக்கு உடனே வாய் கொப்பளிக்க வேண்டி வரும், அது சரி. இரவு தூங்கப் போகுமுன் விளக்குவதையாவது இஷாவுக்குப் பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கரித்தூள், உப்பு, சாம்பல், சொரசொரப்பான பல்பொடி ஆகியவற்றை விட்டுவிடுங்கள். நாற்பது வருடப் பழக்கம் என்பது தெரியும். மெலிந்த ஈறுக்கும் வெளிவந்த வேருக்கும் அவை உப்புத்தாள் போன்றவை. சில வீடுகளில் வயதான பெண்கள் புகையிலை கலந்த பொடியை ஈறில் அடக்கிவைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வலி மரத்துப்போவதால் அது மருந்து என்று நினைக்கிறார்கள். புகையிலை ஈறு நோயின் அடையாளமான இரத்தக் கசிவையே மறைத்துவிடும்; நோய் உள்ளே வளரும். கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையிலை சேர்க்காத பாக்குகூடப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. பல் இடுக்கைக் குத்த ஊக்கையும் கொண்டை ஊசியையும் எடுக்காதீர்கள். பல் இடுக்குக்கென்றே சிறிய பிரஷ் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. ஈறு இறங்கி இடைவெளி விழுந்தவர்களுக்கு அதைப் போல் பயனுள்ளது வேறில்லை.

வாய் உலர்தலைப் பற்றி நம் பெண்கள் யாரும் தாமாகச் சொல்வதில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டுவது, இரவில் தண்ணீருக்காக எழுவது, ரொட்டியும் பிஸ்கெட்டும் தொண்டையில் இறங்காமல் நிற்பது ஆகியவை அதன் அடையாளங்கள். உமிழ்நீர் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. அதுதான் புளிப்பைக் குறைத்து, கால்சியத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுத்து, கிருமியை அடக்குகிறது. அது குறைந்தால் நல்ல பல்லும் சொத்தையாகும். மாதவிடாய் நின்றது மட்டும் காரணமாக இருக்காது. ஒவ்வாமைக்கும் தூக்கத்துக்கும் மன அழுத்தத்துக்கும் எடுக்கும் மாத்திரைகளும், நீர் பிரிய எடுக்கும் மாத்திரைகளும் வாயை உலர்த்தும். அடிக்கடி சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். நாள் முழுக்க ஆறு தடவை சீனி போட்ட டீ குடிப்பது உலர்ந்த வாயில் நெருப்பு வைப்பதற்குச் சமம். டீ வேண்டுமென்றால் உணவோடு சேர்த்துக் குடியுங்கள்.

வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் இருக்கிறதே, கூடுமா என்று ஒரு கேள்வி வரும். ஆல்கஹால் வாயை மேலும் உலர்த்தும் என்பதால் மருத்துவமே இவர்களுக்கு அது வேண்டாம் என்கிறது. ஆல்கஹால் இல்லாதது கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கேள்வியே எழாமல் போய்விடும். குளோரெக்ஸிடின் உள்ள மருந்தை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் கறை படியும், சுவையும் மாறும்.

சில பெண்களுக்கு நாக்கு, உதடு, அண்ணம் எல்லாம் மிளகாய் பட்டது போல் எரியும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. "காட்டினா ஒண்ணுமில்லைங்கிறாங்க, எரியுதுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க" என்று அழுத ஒரு பெரியம்மாவை எனக்குத் தெரியும். இது கற்பனை அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் ஒரு நோய், அதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு. இரத்தச்சோகை, பி12 குறைவு, சர்க்கரை, பூஞ்சைத் தொற்று ஆகியவை இருக்கின்றனவா என்று முதலில் பரிசோதிப்பார்கள். அவை இல்லை என்றாலும் எரிச்சலைக் குறைக்க மருந்துகள் உள்ளன. கன்னத்தின் உட்புறம் வலை பின்னியது போல் வெள்ளைக் கோடுகள் தெரிந்தாலோ, ஒரு புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ, தாமதிக்காமல் காட்டிவிட வேண்டும்.

ரமளான் வரும்போது இவையெல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் வாய் உலர்ந்திருக்கும். நோன்பு திறந்தவுடன் பேரீச்சம்பழம், ரோஸ்மில்க், சமோசா, வடை, கஞ்சி. ஸஹருக்குப் பிறகு இனிப்பான டீயைக் குடித்து, ஃபஜ்ரு தொழுது, அப்படியே படுத்துவிடுகிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். சீனி அப்படியே பல்லில் நிற்கும். ஸஹர் நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே சாப்பிட்டு முடித்து, விளக்கிவிட்டு நிய்யத் வையுங்கள். இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் பரவலாகக் குடியுங்கள். பேரீச்சம்பழம் பல்லில் ஒட்டும், சாப்பிட்டதும் வாய் கொப்பளித்துக்கொள்ளுங்கள்.

நோன்போடு மிஸ்வாக் செய்யலாமா என்றால், செய்யலாம். ஷாஃபிஈ மத்ஹபில் உச்சி சாய்ந்த பிறகு மக்ரூஹ் என்ற பிரபலமான கருத்து உண்டு; மக்ரூஹ் இல்லை என்ற கருத்தும் அதே மத்ஹபில் உண்டு. ஹனஃபிகளுக்கு நாள் முழுவதும் கூடும். பற்பசை தொண்டையில் இறங்கும் பயம் இருப்பதால் அதை இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. பல் மருத்துவம் பற்றியும் கேட்கிறார்கள். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1997-இல் ஜித்தாவில் கூடியபோது, பல்லைக் குடைதல், பிடுங்குதல், சுத்தம் செய்தல் ஆகியவற்றால், தொண்டைக்குள் செல்வதை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால், நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. அப்படியிருந்தும் இரத்தமும் தண்ணீரும் உள்ளே போய்விடுமோ என்ற தவிப்பு இருக்கத்தான் செய்யும். அவசரமில்லாத சிகிச்சையை இரவிலோ ஷவ்வாலிலோ வைத்துக்கொள்ளுங்கள். வீக்கமும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்குள்ள சலுகை அவருக்கும் உண்டு.

இப்போது மிக முக்கியமான ஓர் எச்சரிக்கை. எலும்பு தேய்மானத்துக்கு, அதாவது எலும்பு அடர்த்திக் குறைவுக்கு, வாரம் ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஸோலெட்ரோனிக் அமிலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி ஆகியவை இந்த வயதுப் பெண்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. நல்ல மருந்துகள், இடுப்பு முறிவிலிருந்து காப்பவை. ஆனால் இவற்றை எடுப்பவர்களில் மிகச் சிலருக்கு, பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம். எலும்புத் தேய்மானத்துக்காக எடுப்பவர்களில் பத்தாயிரத்தில் ஒரு சிலருக்குத்தான். புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ஆகவே இந்த மருந்தைத் தொடங்கும் முன்பே பல்லைக் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே எடுப்பவர்கள், பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். "ஏதோ எலும்பு ஊசி" என்று சொல்லாதீர்கள்; சீட்டையோ அட்டைப் பெட்டியையோ எடுத்துச் செல்லுங்கள். பயந்துபோய் ஊசியை நீங்களாக நிறுத்துவதும் தவறு. குறிப்பாக டெனோசுமாபைத் திடீரென்று நிறுத்தினால் முதுகெலும்பு முறியும் ஆபத்து இருக்கிறது.

எலும்பைப் பற்றிப் பேசும்போது உணவையும் சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறுக்கு மேல். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் எள்ளும் கீரையும் மீதியை நிரப்பும். வீட்டில் பால் ஊற்றும்போது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதில் டீ போட்டுக் குடிப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். உடல் முழுதும் மறைத்து, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்களுக்கு அது குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பர்தாவைக் குறை சொல்லவில்லை. பிறர் பார்வை படாத மொட்டை மாடியோ முற்றமோ இருந்தால் கையும் காலும் வெயில் படச் சிறிது நேரம் இருக்கலாம். அதற்கு வசதி இல்லாத வீட்டில் இரத்தத்தில் அளவைப் பார்த்து மருத்துவர் தரும் மருந்தை எடுக்கலாம்.

மருத்துவரிடம் போகாமல் இருக்க நம் பெண்கள் சொல்லும் காரணங்களில் மூன்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஆண் மருத்துவர் என்ற தயக்கம் முதலாவது. பல் மருத்துவம் படிக்கும் பெண்கள் இப்போது ஏராளம். பெரும்பாலான ஊர்களில் பெண் பல் மருத்துவர் இருக்கிறார். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவும் மிகக் குறைவு. பெண் மருத்துவர் கிடைக்காவிட்டால் மஹ்ரமான ஒருவரோடு சென்று ஆண் மருத்துவரிடம் காட்டுவதற்கு மார்க்கம் தடையாக இல்லை. இரண்டாவது, ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும், சந்து விழும் என்ற பயம். சந்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. காரைதான் அதை அடைத்துக்கொண்டு இருந்தது. காரையை எடுத்ததும் உண்மை தெரிகிறது. சில வாரம் கூச்சம் இருக்கும், பிறகு ஈறு இறுகும்.

மூன்றாவது மார்க்கம் தொடர்பானது, இதுதான் என்னை அதிகம் வருத்துவது. "கேப் போட்டா, பல்லை அடைச்சா, கடமையான குளிப்பு கூடாதாமே?" என்று கேட்டுவிட்டுச் சிகிச்சையைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு என்பதால் எழுந்த ஐயம் இது. சிகிச்சைக்காகப் பல்லோடு நிலையாகப் பொருத்தப்பட்ட கேப்பும் அடைப்பும் பல்லின் பகுதியாகவே கருதப்படும். அதன் மேல் தண்ணீர் பட்டால் போதும், குளிப்பு நிறைவேறும். கழற்றி மாட்டும் பல் செட்டைக் கழற்றிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும், அவ்வளவுதான். ஷாஃபிஈகளுக்கு வாய் கொப்பளிப்பது சுன்னத் என்பதால் இந்தக் கேள்வியே இல்லை. பல் செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மாட்டியபடியே தூங்கினால் உலர்ந்த வாயில் பூஞ்சை பிடிக்கும்.

அந்த இளைஞரின் உம்மாவை மறுவாரம் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். ஈறைப் பார்த்த மருத்துவர் முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வரச் சொன்னார். வெறும் வயிற்றில் 210 இருந்தது. அதுவரை அவருக்குச் சர்க்கரை இருப்பது யாருக்கும் தெரியாது. ஆடிக்கொண்டிருந்த இரண்டு கீழ்ப்பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. மற்றவற்றுக்கு நான்கு தவணையாக வேர் வரை சுத்தம் செய்தார்கள். இரத்தம் நிற்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்களாம். போன ஜும்ஆவுக்கு வந்தபோது அந்த இளைஞர் இன்னொரு மஸ்அலா கேட்டார்: "உம்மாவோட தங்கச்சிக்கும் அதே மாதிரி இரத்தம் வருது ஹஜ்ரத். அவங்க காயல்பட்டினத்துல இருக்காங்க. ஷாஃபிஈ. உளூ முறியாதுன்னு நீங்க சொன்னதைச் சொல்லிட்டேன்."

"டாக்டர்கிட்ட போகச் சொன்னியா?" என்று கேட்டேன்.

"அதை உம்மாவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க," என்றார்.